தேதிக்கு வராத பணம்

படியேறும் தலைமுறை – 9

2024 ஜூன் 24, மாலை 5 மணி. தன்பாத் ஐஐடியில் கிடைத்த இடத்தை உறுதிசெய்ய, உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவர் 17,500 ரூபாய் கட்ட வேண்டிய கடைசி நேரம் அது. தந்தை தினக்கூலி. அங்கே இங்கே புரட்டிப் பணம் சேர்வதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. செப்டம்பர் 30 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவைக் கையிலெடுத்து அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள் நீதிபதிகள்.

பணம் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஐந்து மணிக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஏழை மாணவருக்கான உதவித்தொகையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'எவ்வளவு' என்று கேட்கிறோம். 'எப்போது' என்பதுதான் அந்த வீடுகளில் கேட்கும் கேள்வி.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில், சிப்காட் ஆலைகளை ஒட்டி இருக்கும் குடிகாட்டை எடுத்துக்கொள்வோம். வடக்கே போனால் தேவனாம்பட்டினத்தில் பெரியார் கலைக் கல்லூரி. தெற்கே போனால் சி.முட்லூரில் அரசு கலைக் கல்லூரி, அதற்கப்பால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். பேருந்து ஏறினால் படிப்பு எட்டிவிடும் தூரம்தான். ஆனால் பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. சேர்க்கையும் கட்டணமும் அதன் பின்னாலேயே வருகின்றன. உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதோ கல்லூரியில் சேர்ந்த பிறகு. பணம் கணக்கில் ஏற அதற்கும் பல மாதங்கள். இடைப்பட்ட காலத்தைக் கைமாற்றும் நகைக்கடனும் நிரப்புகின்றன. வட்டி கட்டுவது குடும்பம்.

இந்த உதவித்தொகையின் வேர் அம்பேத்கரிடம் இருக்கிறது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில்தான் அவர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த 1942இல், பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவாக எழுதி வைஸ்ராய் லின்லித்கோவிடம் கொடுத்தார். உயர்கல்விக்கு அரசுப் பணம் வேண்டும் என்பது அதில் முக்கியமான கோரிக்கை. 1944இல் பட்டியல் சாதி மாணவருக்கான உதவித்தொகை தொடங்கியது. சில ஆண்டுகளில் பழங்குடியினருக்கும் விரிந்தது. இன்று 'போஸ்ட் மெட்ரிக்' என்று கல்லூரி அலுவலகங்களில் சொல்வது இதைத்தான்.

தமிழ்நாடு இதில் ஒரு படி முன்னே போனது. 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவருக்கான கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்க அது வழி செய்தது. ஆனால் அரசிடமிருந்து பணம் வரத் தாமதமானால் கல்லூரி யாரை நெருக்கும்? ஹால் டிக்கெட்டும் மாற்றுச் சான்றிதழும் கல்லூரியின் கையில் இருக்கின்றன.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை, பட்டியல் சாதி மாணவருக்கான திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 59,048 கோடி ரூபாய் என்று முடிவெடுத்தது. 60 சதவீதம் ஒன்றிய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே ஒன்றியத்தின் பங்கு வரும். அது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகும். இதற்கு நியாயம் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேல் உதவித்தொகை மோசடி நடந்ததாக சிபிஐ விசாரித்தது. தனியார் கல்லூரிகள் பொய்க் கணக்கில் பணம் எடுத்த கதைகள் வேறு மாநிலங்களிலும் உண்டு. நேரடிப் பணம் அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் இரண்டு அரசுகளுக்கிடையே காத்திருக்கும் வேலை முன்பு கல்லூரியிடமும் இருந்தது. இப்போது பெரும்பகுதி பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் இறங்கிவிட்டது. இரண்டு வங்கிக் கணக்கு வைத்திருந்தால், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். அம்மா தொடங்கிக் கொடுத்த கணக்கா, கல்லூரியில் திறந்த கணக்கா என்று தேடிப் பார்ப்பதற்குள் பருவத் தேர்வு வந்துவிடும்.

உதவித்தொகைக்கான வருமான வரம்பும் காலத்தில் உறைந்த ஒன்றுதான். 2013இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். பத்தாண்டு கடந்தும் அதே வரம்பு நின்றது. ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் தந்தைக்கு நாள் கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,87,200. தாய் 300 ரூபாய்க்கு மாதம் 20 நாள் போனால் 72,000. கூட்டினால் 2,59,200. வரம்பைத் தாண்டியாகிவிட்டது! உயர் சாதி ஏழைகளுக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டில் 'ஏழை' என்பதற்கு 2019இல் வைத்த வரம்பு 8 லட்சம்.

வரம்புக்குள் இருந்தால் மட்டும் என்ன கிடைக்கிறது? கட்டணம் போக, வீட்டிலிருந்து போய்வரும் கலைக் கல்லூரி மாணவருக்குப் படிப்புப் படி ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்கிறது 2021இன் விதிமுறை. மாதம் 250 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இலும் ஆண்களுக்கு 2024இலும் வந்த புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கிடைப்பது மாதம் 1,000 ரூபாய். வீடுகளில் இந்த ஆயிரத்துக்குத் தனி மதிப்பு உண்டென்றால், அது மாதாமாதம் என்று கணக்குப் போட முடிவதால்தான்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, பிச்சாவரம் பக்கம் போனால் காத்திருப்பு இன்னும் முன்பே தொடங்குகிறது. கழிமுகத்து நீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. ஆதிதிராவிடருக்குச் சாதிச் சான்றிதழ் தருவது வட்டாட்சியர். பழங்குடியினருக்கோ, 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர்தான் தர முடியும்; நேரில் விசாரணை உண்டு. போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. பள்ளிக்கூடமே போகாத அப்பாவுக்கு அது எதற்குத் தேவைப்பட்டிருக்கும்? சான்றிதழ் இல்லாமல் இடஒதுக்கீடு இல்லை, உதவித்தொகை இல்லை. கோப்பு நகர்வதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டால், ஒரு வருடம் போகும். அந்த ஒரு வருடத்தில் பையன் இறால் பிடிக்கப் போயிருப்பான். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

வேறு வழியும் உண்டு. கனடாவில் முதற்குடி மாணவருக்கான உயர்கல்விப் பணத்தை ஒன்றிய அரசு அந்தந்தச் சமூகத்தின் ஆட்சி மன்றத்திடமே கொடுக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தவர்கள் பங்கிடுவதால் அலைச்சல் குறைவு. ஆனால் 1996இல் அந்தப் பணத்தின் ஆண்டு உயர்வுக்கு 2 சதவீத உச்சவரம்பு போட்டார்கள். படிக்க வந்தவர்கள் பெருகப் பெருக, அங்கும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் முன்பே சிதம்பரத்தில் ஒரு விடை இருந்தது. சுவாமி சகஜானந்தர் 1916இல் ஓமக்குளத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கூடவே விடுதியும் நடத்தினார். சேரிப் பிள்ளை வந்து சேர்ந்த அன்றே இலையில் சோறு விழ வேண்டும், இரவு படுக்க இடம் வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் பொருள். விண்ணப்பம் முடிவாகிப் பசி தீர்வது என்ற பேச்சே அங்கு இல்லை.

அதைத்தான் இன்றைய திட்டங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. சேர்க்கையின்போது மாணவரிடம் ஒரு ரூபாயும் கேட்காமல், கணக்கைக் கல்லூரியும் இரண்டு அரசுகளும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். பழங்குடிச் சான்றிதழைப் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் பள்ளிக்கே வந்து கொடுக்கட்டும். கட்டணம் கட்டத் தவறும் மாணவருக்கு அபராதம் போடுகிறார்கள். உதவித்தொகையைத் தாமதமாகத் தரும் அரசும் அதற்கு வட்டி சேர்த்துத் தரட்டும். வட்டி தர வேண்டும் என்று வந்துவிட்டால், கோப்புகள் தாமாக நகரும்.

(அடுத்த வாரம்: 2023இல் கல்லூரி விடுதி மாணவரின் உணவுப் படி மாதம் 1,500 ரூபாய் ஆனது. நாளுக்கு 50 ரூபாயில் மூன்று வேளை எப்படி நடக்கிறது?)