பண்டிகை நாளில் பாட்டிக்கு ஒரு வேலை!

தீபாவளி. விடியற்காலை 4 மணி.

அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது. மனையில் பேரன் உட்கார்ந்திருக்கிறான். இன்னும் தூக்கம் கலையவில்லை. பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறாள். உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் வைக்கிறாள். "நூறு வயசு இருடா ராசா" என்கிறாள். அதன் பிறகுதான் குளியல், புதுத்துணி, பட்டாசு எல்லாம்.

நம் வீடுகளில் தீபாவளி இப்படித்தான் பிறக்கிறது. பாட்டி கை வைக்காமல் பண்டிகை தொடங்குவது இல்லை.

இப்போது அந்தப் பேரனை அங்கிருந்து எடுத்து விடுங்கள். மகன் இல்லை. மருமகள் இல்லை. வீடும் இல்லை. பாட்டி மட்டும் நிற்கிறாள். கையில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கிறது.

அவள் யார் தலையில் எண்ணெய் வைப்பாள்?

இந்தக் கேள்விக்குக் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊர் பதில் சொல்லி இருக்கிறது. அந்த ஊரில் எல்லோரும் முதியவர்கள்!

கடல் பொங்கிய நாள்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள். மார்கழிப் பௌர்ணமி. சிதம்பரம் நடராஜர் கோவிலில் ஆருத்ரா தரிசனக் காலம். ஊரெல்லாம் திருவாதிரைக் களியின் நினைப்பில் இருந்தது.

அன்று காலை கடல் ஊருக்குள் வந்தது.

கடலூர் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, பிச்சாவரம் அருகே எம்.ஜி.ஆர். திட்டு என்று கரையோர ஊர்கள் ஒவ்வொன்றாகச் சுனாமியில் அடிபட்டன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பிறகு உதவிகள் வந்து சேர்ந்தன. படகு வந்தது. வலை வந்தது. வீடும் கட்டிக் கொடுத்தார்கள்.

ஆனால் படகு ஏறிக் கடலுக்குப் போக முடியாத கிழவர் என்ன செய்வார்? கரையில் உட்கார்ந்து வலை பின்னிக் கொடுத்து நாலு காசு பார்த்தவர் அவர். கிழவியோ கருவாடு காய வைத்துக் கூடையில் சுமந்து விற்றவள். மகனைக் கடல் கொண்டு போய்விட்டது. இனி அவளுக்குச் சோறு போடுவது யார்?

துன்பம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால், இருபது வயதில் வீழ்ந்தவன் எழுந்து விடலாம். எழுபது வயதில் வீழ்ந்தவருக்குக் கை கொடுக்க ஒருவர் வேண்டும்.

தாமரைக்குளம்

அந்தக் கை கொடுத்தவர்களில் ஒன்று "ஹெல்ப்ஏஜ் இந்தியா" என்ற தொண்டு நிறுவனம். 1978-ஆம் ஆண்டு தொடங்கியது. முதியோர் நலனுக்காகவே நாடு முழுவதும் வேலை செய்கிறது.

சுனாமி அடித்த கரையோர ஊர்களில் இந்த நிறுவனம் முதியோர் சுய உதவிக் குழுக்களை அமைத்தது. பெண்கள் குழு சேர்ந்து பணம் சேமிப்பது போல, இங்கே தாத்தாக்களும் பாட்டிகளும் குழு சேர்ந்தார்கள். சேமித்தார்கள். கடன் வாங்கிச் சிறு தொழில் செய்தார்கள்.

ஆதரவே இல்லாதவர்களுக்காகக் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊரே அமைக்கப்பட்டது. அதுதான் "தாமரைக்குளம் முதியோர் கிராமம்". கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே, பெரியகாட்டுப்பாளையத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நூறு முதியவர்கள் வாழ்வதற்காக அமைந்த இடம். அவர்களிடம் கட்டணம் வாங்குவது இல்லை.

பெயரைப் பாருங்கள். "இல்லம்" என்று வைக்கவில்லை. "விடுதி" என்றும் வைக்கவில்லை. "கிராமம்" என்று வைத்தார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

விடுதியில் இருப்பவர் விருந்தாளி. சாப்பிடலாம், தூங்கலாம். அவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஊரில் இருப்பவர் அப்படி அல்ல. அவருக்கு ஊர் வேலை உண்டு. ஊர்க் கூட்டத்தில் பேச்சு உண்டு. பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை உண்டு. மறுநாள் சமாதானமும் உண்டு!

தாமரைக்குளத்தின் எண்ணம் இதுதான்: முடிந்தவர் முடிந்த வேலையைச் செய்ய வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தெரிந்தவர் தண்ணீர் விடலாம். காய் நறுக்கத் தெரிந்தவள் நறுக்கலாம். நடக்க முடியாதவருக்கு, நடக்க முடிந்தவர் தட்டு எடுத்து வந்து கொடுக்கலாம். வயிற்றுக்குச் சோறு மட்டும் போதாது. "நான் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது" என்ற எண்ணமும் வேண்டும். முதுமையில் அது பாதி மருந்து.

பண்டிகை என்னும் சோதனை

சாதாரண நாட்கள் எப்படியோ கழிந்து விடும். காலையில் காப்பி, பிறகு தோட்டம், மத்தியானம் ஒரு தூக்கம், மாலையில் பேச்சு.

பண்டிகை நாள் அப்படி அல்ல. அன்று பழைய வீடு நினைவுக்கு வரும். பழைய வாசல் நினைவுக்கு வரும். தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டாலும் பேரன் முகம் கண்ணில் தெரியும். முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். "பண்டிகை அன்றுதான் பெரியவர்கள் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்" என்பார்கள்.

அதனால்தான் முதியோர் கூடி வாழும் இடத்தில் பண்டிகை என்பது ஒரு பொழுதுபோக்கு அல்ல. அது ஒரு வைத்தியம்!

நல்ல இல்லங்கள் இந்த வைத்தியத்தை எப்படிச் செய்கின்றன? இனிப்பு வாங்கிக் கொடுத்து, புதுப் புடவை கொடுத்து, படம் எடுத்துக் கொண்டு போவதால் அல்ல. பண்டிகையைப் பெரியவர்கள் கையிலேயே கொடுத்து விடுவதால்!

ஆண்டு முழுவதும் திருநாள்

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் பண்டிகைக்குப் பஞ்சமே இல்லை.

தை பிறந்தால் பொங்கல். பானையில் பால் பொங்கும் நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, பாட்டிதான் சொல்வாள். எப்போது அரிசி போடுவது, எப்போது விறகை இழுப்பது என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். மஞ்சள் கொத்தைப் பானையில் கட்டுவது ஒருவர். கோலம் போடுவது ஒருவர். குனிய முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தப் புள்ளி தப்பு!" என்று திருத்துவார். அவருக்கும் வேலை உண்டு.

அதே தையில் வடலூரில் பூசம். ஏழு திரை நீக்கிச் சோதி தரிசனம். வடலூரில் வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி தரும சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசி என்று வந்தவருக்கு, யார் என்று கேட்காமல் சோறு. முதியோர் கிராமம் எழுந்த இந்த மாவட்டத்துக்கு அந்த வழக்கம் புதிது அல்ல.

மாசியில் மகம். சுற்று வட்டாரச் சாமிகள் எல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்து தீர்த்தமாடும். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் சிதம்பரம் அருகே கிள்ளைக் கடற்கரைக்கு வருவார். அங்கே முஸ்லிம் மக்களும் பெருமாளை வரவேற்று மரியாதை செய்வது பழைய வழக்கம். மகனைக் கொண்டுபோன அதே கடலின் கரையில் நின்று கும்பிடும் தாய்மார்கள் உண்டு. கடல் மேல் கோபம் இருக்கும். ஆனாலும் கும்பிடுவார்கள். "அதுதானே சோறும் போட்டது?" என்பார்கள்.

ஆடி 18 வந்தால் கொள்ளிடக் கரையில் கூட்டம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று கட்டி எடுத்துக் கொண்டு போவார்கள். மூத்த பெண் மஞ்சள் கயிறு எடுத்து இளையவர்களுக்குக் கட்டி விடுவாள். ஆற்றுக்குப் போக முடியாத பாட்டிகள் இருக்கும் இடத்தில் என்ன செய்வது? ஒரு செம்பில் தண்ணீர் வைத்தால் அதுவே காவிரி. எழுபத்தைந்து வயதுக்காரி அறுபத்தைந்து வயதுக்காரிக்குக் கயிறு கட்டலாம். அங்கே அவள்தானே இளையவள்!

நோன்புக் காலத்தில் ஒரு வாளி நோன்புக் கஞ்சி வந்தால், ஊரே பங்கு போட்டுக் குடிக்கும். கிறிஸ்துமஸ் அன்று ஒரு துண்டு கேக். சர்க்கரை வியாதிக்காரர் பாதித் துண்டோடு நிறுத்த வேண்டும். பல் இல்லாதவர் முறுக்கைத் தொட மாட்டார். ஆனால் அதிரசம் கேட்பார்! நூறு பேர் இருக்கும் இடத்தில் ஒரே சாமி, ஒரே வழக்கம் என்று இருக்க முடியாது. எல்லோருடைய பண்டிகையும் எல்லோருக்கும் பண்டிகை. ஆண்டில் நாட்களும் கூடுதலாகக் கிடைக்கின்றன. லாபம்தானே?

சேந்தனார் கொடுத்த களி

மார்கழியில் மறுபடியும் திருவாதிரை.

சிதம்பரத்தில் வழங்கும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சேந்தனார் விறகு வெட்டிப் பிழைத்தவர். தினமும் ஓர் அடியாருக்குச் சோறு போட்டு விட்டுத்தான் சாப்பிடுவார். ஒரு நாள் பெருமழை. விறகு விற்கவில்லை. வீட்டில் அரிசி இல்லை. இருந்த மாவைக் கொண்டு களி கிண்டினார். அடியார் வேடத்தில் வந்த இறைவன் அதை விரும்பிச் சாப்பிட்டார். மறுநாள் நடராஜர் சந்நிதியில் களி சிதறிக் கிடந்தது என்பது கதை.

இந்தக் கதையில் சேந்தனாரின் கவலை என்ன? "எனக்குச் சோறு இல்லையே" என்பது அல்ல. "கொடுக்க ஒன்றும் இல்லையே" என்பதுதான்!

முதியவர்களின் கவலையும் அதுதான். வாழ்நாள் எல்லாம் கொடுத்தே பழகிய கை. இப்போது வாங்கும் கையாகி விட்டது. பண்டிகை நாளில் அந்தக் கைக்குக் கொடுக்க ஒன்று கிடைக்க வேண்டும். ஒரு கரண்டி களியாக இருக்கலாம். ஒரு சிட்டிகை திருநீறாக இருக்கலாம். ஒரு வாழ்த்தாக இருக்கலாம்.

தீபாவளிக் காலையில் கிண்ணத்தோடு நின்ற பாட்டிக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. அவள் பக்கத்துக் கட்டில்காரி தலையில் எண்ணெய் வைக்கலாம். அவள் இவள் தலையில் வைக்கலாம். பல ஆண்டுகளாகத் தன் தலையில் யாரும் எண்ணெய் வைக்காத இருவர்!

வாசலைப் பார்க்கும் கண்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. எத்தனை தோழர்கள் இருந்தாலும், பண்டிகை அன்று கண் வாசல் பக்கம் போகும். பிள்ளைகள் உயிரோடு இருந்தும் தனியே விடப்பட்ட பெரியவர்கள் நாட்டில் பலர். சுனாமி கொண்டு போன மகனுக்காக அழலாம். பக்கத்து ஊரில் இருந்தும் வராத மகனுக்காக எப்படி அழுவது?

இதற்குச் சட்டமும் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ஆம் ஆண்டு வந்தது. கவனிக்காத பிள்ளைகள் மீது பெற்றோர் மனுக் கொடுக்கலாம். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய மூன்று இடங்களிலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. அங்கே மனுவை விசாரிப்பார்கள். கவனித்துக் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளை கவனிக்காவிட்டால் திரும்பப் பெறவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. முதியோர் உதவிக்கு 14567 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. அழைக்கக் காசு இல்லை.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித் தொகை 1962-ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். இந்தத் தொகை இன்னும் கூடும். பெரியவர்களின் கூட்டமும் கூடும்.

சட்டம் சோறு வாங்கித் தரும். உதவித் தொகை மருந்து வாங்கித் தரும். ஆனால், "அம்மா, கொஞ்சம் எண்ணெய் வையுங்கள்" என்று தலை குனிந்து நிற்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது பிள்ளைகளால்தான் முடியும்.

உங்கள் வீட்டுப் பாட்டி

முதியோர் கிராமத்தில்தான் தனிமை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டிலேயே இருக்கலாம்! பண்டிகை அன்று பாட்டிக்குப் புதுப் புடவை கொடுக்கிறோம். ஒரு நாற்காலியைப் போட்டு, தொலைக்காட்சி முன்னால் உட்கார வைக்கிறோம். "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கள்" என்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் பாட்டியின் காதில் அது எப்படி விழும்? "நீங்கள் தேவை இல்லை" என்று விழும்.

அடுத்த பண்டிகைக்கு ஒன்று செய்யுங்கள். உப்புப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய்க் கிண்ணத்தை அவர் கையில் கொடுங்கள். முதல் வாழ்த்தைத் தாத்தாவிடம் கேளுங்கள். பக்கத்தில் முதியோர் இல்லம் இருந்தால், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பலகாரப் பொட்டலத்தைக் கொடுத்து விட்டு ஓடி வந்து விடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள். கதை கேளுங்கள்.

அங்கே ஒரு பாட்டி உங்கள் மகன் தலையைத் தொட்டு, "நூறு வயசு இருடா ராசா" என்று சொல்லக் கூடும்.

அவன் தலையைக் குனியட்டும். அந்தக் கை நெடுநாளாக ஒரு தலைக்குக் காத்திருக்கிறது.