கிட்டாருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு பெட்டி

பழைய வால்வ் ஆம்ப்ளிஃபயர்களின் உறுமலைக் கணினிக்குள்ளேயே எழுப்பும் மென்பொருள்கள் இன்று பல. ஆம்ப்ளிட்யூப், கிட்டார் ரிக், இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் எனப் பட்டியல் நீளும். ஆசையாக நிறுவிப் பார்ப்பவர்களின் குறைகள் பெரும்பாலும் மூன்று: ஒலி மந்தமாக இருக்கிறது, கரகரக்கிறது, தந்தியை மீட்டிச் சற்றுக் கழித்தே கேட்கிறது. பழி மென்பொருள்மேல் விழுகிறது. ஆனால் இந்தக் கோளாறுகள் பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே, கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டியை அமைக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகின்றன.

மந்தம் எங்கிருந்து வருகிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் ஒரு கம்பிச்சுருள். தலைமுடி அளவே மெல்லிய செப்புக் கம்பியைக் காந்தங்களைச் சுற்றிப் பல ஆயிரம் முறை சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதிதான். இத்தனை சுற்றுள்ள சுருள், அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டத்தை அதிகமாகத் தடுக்கும். அதைச் செருகும் உள்ளீட்டின் மின்மறுப்பு குறைவாக இருந்தால், உயர் அதிர்வெண்கள் சுருளிலேயே வீணாகும். ஒலியில் கணீரென்ற தன்மை போய்விடும்.

இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீட்டில் மின்மறுப்பு சில ஆயிரம் ஓம். லைன் உள்ளீட்டில் பத்தாயிரக்கணக்கில். கிட்டாருக்கோ ஏறக்குறைய 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம் வேண்டும். வால்வ் ஆம்ப்களின் உள்ளீடும் வழக்கமாக இதே அளவுதான். ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று குறித்த பொத்தான் இதற்காகவே இருக்கிறது. முதலில் அதை அழுத்த வேண்டும்.

கெயின் எவ்வளவு?

இன்டர்ஃபேஸ் மின்னழுத்தத்தை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்ணாக்குகிறது. அந்த எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மீட்டரில் 0 டெசிபல் என்று காட்டும் இடம் அது. வால்வ், தாங்க முடியாத அலையை மெல்ல வளைக்கும். அந்தச் சிதைவைத்தான் ராக் இசை விரும்பி ஏற்றது. எண்ணாக்கும்போது வரம்பை மீறிய முகடு சட்டெனத் தட்டையாகிவிடும். போன வடிவத்தை அப்படியே மீட்க முடியாது.

எனவே உள்ளீட்டைப் பெருக்கும் கெயின் குமிழை, பலமாக மீட்டும்போதும் மீட்டர் −12 டெசிபலை ஒட்டியே இருக்கும்படி வையுங்கள். 24 பிட் பதிவின் வீச்சு கோட்பாட்டளவில் 144 டெசிபல். சற்றுக் குறைவாக வைப்பதால் நட்டமில்லை. கெயினைக் கூட்டினால் இன்னொன்றும் நடக்கும்: வலிமையான பிக்கப் வந்துவிட்டதாக எண்ணி, மென்பொருள் ஆம்ப் தேவைக்கு மேல் சிதைக்கும்.

தாமதத்தின் கணக்கு

கணினி ஒவ்வொரு எண்ணையும் வந்தவுடன் கையாள்வதில்லை. குடம் நிரம்பிய பிறகே தண்ணீரைத் தூக்குவதுபோல், ஒரு தொகுதி சேர்ந்த பிறகே எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொகுதிதான் பஃபர். 48,000 வேகத்தில் 128 எண்கள் சேர 2.7 மில்லி விநாடி ஆகும். 1,024 என்றால் 21 மில்லி விநாடி. வெளியே போகும் வழியிலும் இதே காத்திருப்பு உண்டு. யுஎஸ்பி, மாற்றிச் சில்லுகளின் நேரமும் சேரும்.

காற்றில் ஒலி 1 மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. செல்லும். மொத்தத் தாமதம் 10 மில்லி விநாடி என்றால், ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். மேடையில் இது வழக்கமான தூரம். அதைத் தாண்டிக் கூடக்கூட விரலும் காதும் ஒத்துப்போகாமல் தடுமாறும்.

விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஆசியோ டிரைவரைத் தேர்வு செய்ய வேண்டும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய இந்த வழி, விண்டோஸின் பொதுவான ஒலிக்கலவை அடுக்கைத் தவிர்த்துக் கருவியோடு நேரே பேசுகிறது. மேக்கில் கோர் ஆடியோவே போதும். பஃபரை 128இல் தொடங்கிக் குறைத்துப் பாருங்கள்; படபடவென வெடிப்பு கேட்டால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள், ஒரு படி ஏற்றிவிடலாம். ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தானை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பச்சைக் கிட்டார் ஒலியும் கூடவே கேட்கும்.

இனி மென்பொருளின் பங்கு

இதன் பிறகுதான் மென்பொருள் வேலையைத் தொடங்குகிறது. வால்வின் சிதைவு, வரும் அலையின் அளவைப் பொறுத்து மாறுவது. அதைச் சமன்பாடுகளாலோ பயிற்றுவித்த நரம்பு வலையமைப்பாலோ போலி செய்கிறார்கள். ஸ்பீக்கர் பெட்டி அப்படி அதிகம் மாறாது. அதனால் ஒரு கணநேரத் துடிப்புக்கு அது தரும் எதிரொலியைப் பதிவு செய்தாலே அதன் குணம் ஏறக்குறைய முழுதும் கையில் வந்துவிடும். ‘ஐ.ஆர்.’ என்று இசைக்கலைஞர்கள் சொல்லும் கோப்பு அதுதான். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும், ஐ.ஆர். இல்லாத சிதைவொலி காதைக் குத்துவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே ஒலி பிடிக்கவில்லை என்றால் சிக்னல் போகும் வரிசையிலேயே சோதியுங்கள்: உள்ளீட்டுப் பொத்தான், கெயின், டிரைவர், பஃபர், ஐ.ஆர். புதிய ஆம்ப் மென்பொருளுக்குப் பணம் கொடுப்பது அதற்கும் அப்புறம்.