மேட்டு நிலத்தில் நெல்: மழை ஓய்ந்தாலும் பயிர் தாங்குமா?

திருவனந்தபுரம்: கேரளத்தில் 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெல் சாகுபடிப் பரப்பு, தற்போது ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியுள்ளது. வயல்கள் குறைந்த நிலையில், தென்னந்தோப்புகளிலும் மேட்டு நிலங்களிலும் மானாவாரியாக விளையும் ‘கரநெல்’ மீண்டும் கவனம் பெற்றுள்ளது.

கோடை மழை ஈரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நேரடியாக விதைக்கப்படும் இப்பயிருக்குத் தென்மேற்குப் பருவமழையே ஆதாரம். பூக்கும் தருணத்தில் மழை சில நாள்கள் பொய்த்தாலும் கதிர்கள் பதராகிவிடும். எனவே, குறுகிய வயதும் ஆழமான வேரும் கொண்ட ரகங்களே இங்கு ஏற்றவை. பட்டாம்பி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கட்டமோடன், ஸ்வர்ணபிரபா, வைசாக் ஆகியவை மேட்டு நிலத்துக்கு உரியவை. ஜார்க்கண்டின் ஹசாரிபாக் ஆய்வு நிலையத்தின் பங்களிப்புடன் 2010-இல் வெளியான ‘சஹபாகி தான்’, ஏறத்தாழ 105 நாள்களில் முதிர்ந்து வறட்சியைத் தாங்குகிறது.

ஆனால், விதையை மாற்றினால் மட்டும் போதாது. வயலில் தேங்கும் நீர் களையை அடக்கும்; மேட்டில் அந்தக் காவல் இல்லை. முதல் மூன்று வாரங்களுக்குள் களையெடுக்கத் தவறினால், இருக்கும் சிறிதளவு ஈரத்தையும் களையே உறிஞ்சிவிடும். நீரை விரைவில் வடியவிடும் வெள்ளாயணிப் பகுதிச் செம்மண்ணுக்குத் தொழுவுரமும் இலைதழைகளும் தாராளமாகத் தேவை. தோப்புகளில் வெயில் நன்கு விழும் இளந்தென்னை வரிசைகளும், 25 ஆண்டுகளைக் கடந்த மரங்களின் இடைவெளிகளுமே விதைப்புக்கு உகந்தவை.