நாற்பதுக்கு மேல் வ.உ.சி.

1912ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கண்ணனூர்ச் சிறையின் கதவு திறந்தபோது வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு வயது நாற்பது. ஓட்டப்பிடாரத்தில் பிறந்து, இளமையில் குதிரையேற்றம், நீச்சல், சிலம்பம், மற்போர் எல்லாம் பயின்ற கட்டுடல் அவருடையது. நாலரை ஆண்டுச் சிறைவாசமும் கோயம்புத்தூர்ச் செக்கும் அந்த உடலை உருக்குலைத்திருந்தன. அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி 1911லேயே கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் சன்னதும் பறிபோயிற்று. ஊர் திரும்பிய தலைவருக்குக் கையில் பொருளில்லை, குடும்பமோ பெரிது.

இன்று நம் இல்லங்களில் நாற்பது, ஐம்பது வயதுப் பிள்ளைகள் வேலை போயிற்று, வியாபாரம் நொடித்தது என்று முகம் வாடி அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். "இனி என்ன இருக்கிறது?" என்ற கேள்வி அந்த வயதில்தான் எழுகிறது. வ.உ.சி.க்கு அது எழாமலா இருந்திருக்கும்?

அதே இடி அவர் குடும்பத்தில் மற்றொருவர் மீதும் விழுந்தது. 1908இல் அண்ணனுக்கு ஆயுள் தண்டனை என்ற செய்தி கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். இதைத் தம்பியின் கோழைத்தனம் என்று எண்ணுவது பெரும் பிழை. உடலுக்கு நோய் வருவது போலவே உள்ளத்துக்கும் வரும். பக்தி குறைவு என்று பழி சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அத்தகையோருக்கு நாம் செய்யும் நன்மை. அன்று அதற்கு வழி குறைவு. இன்று மாவட்ட அரசு மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு உண்டு.

வ.உ.சி.யைக் காத்தது எது? ஓயாத வேலை என்றே சொல்ல வேண்டும். சிறையிலிருந்தபோதே ஆங்கில ஞானாசிரியர் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். எண்ணம் எப்படியோ வாழ்வும் அப்படியே என்பது அந்நூலின் சாரம். கல் உடைத்த கைகள் அதை எழுதின என்பதால்தான் அதற்கு மதிப்பு. 'அகமே புறம்', 'மெய்யறம்', 'மெய்யறிவு' ஆகியனவும் வெளிவந்தன. விடுதலைக்குப் பின் சென்னையில் மளிகைக் கடை வைத்தார். கப்பல் நடத்தியவர் படி அளந்து விற்கலாமா என்று அவர் தயங்கவில்லை. 1917இல் மணக்குடவர் உரையுடன் திருக்குறள் அறத்துப்பாலைப் பதிப்பித்தார்; தொல்காப்பியப் பதிப்பிலும் உழைத்தார். வறுமை தீர்ந்துவிடவில்லை. ஆயினும் பொழுது வீணாகவில்லை.

பின்னர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டது. அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவருக்கு ஆங்கிலேயர் மீது கசப்பு தங்கவில்லை. நடுவயதில் உடலைத் தின்னும் நோய்களுள் கசப்பும் ஒன்று என்பதை முதியோர் அறிவர்.

1920களில் அவர் கோவில்பட்டியில் வழக்கறிஞராக அமர்ந்தார். செண்பகவல்லியம்மன் குடிகொண்ட அந்த ஊரிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம், நாகலாபுரம் என்று விரியும் கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. ஒரு பருவம் பொய்த்தால் மறுபருவத்துக்கு விதை எடுத்து வைப்பவர்கள் அங்குள்ள சம்சாரிகள். கம்பங்கூழும் சோளச்சோறும் குதிரைவாலியும் உண்டு, மைல் கணக்கில் நடந்து, சித்திரை வெயிலிலும் காட்டுவேலை பார்த்த அம்மக்களுக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இன்று நாகலாபுரத்திலும் பேருந்து வீட்டருகே நிற்கிறது, மூன்று வேளையும் அரிசிச்சோறு. சர்க்கரை மாத்திரை இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. மருந்தை நிறுத்தாமலேயே வாரம் இரண்டு நாள் குதிரைவாலிக்குத் திரும்பலாம். அதுவும் சர்க்கரையை ஏற்றும் தானியமே என்பதால் அளவு வேண்டும். கழுகுமலையில் கிரிவலம் வர இயலாதவர் உள்ளூர்க் கோயில் பிராகாரத்தையேனும் மாலையில் சில சுற்று வரலாம்.

பின்னர்த் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்த வ.உ.சி. சைவ சாத்திரத்தில் ஆழ்ந்தார். மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய எளிய உரை 1935இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று. மறு ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. பேரன் பேத்தியரோடு சென்னை செல்லும் அன்பர்கள் ஒருமுறை அதன் அருகே நின்று பார்த்துவிட்டு வரலாம்.