சம்பளத்துக்குப் பதில் கட்டணம்

ஒரு சாமானுக்கு விலை ஏறினால் எல்லோரும் அதையே இறக்குமதி செய்து குவிப்பது நமக்குப் பழகிய கதைதான். பிலிப்பைன்ஸில் தாதியர் படிப்புக்கும் அதுவே நடந்தது. அமெரிக்க வேலையை நம்பி ஏராளமான கல்லூரிகள் முளைத்தன. 2008 பொருளாதார நெருக்கடியோடு அந்த வாசல் ஒடுங்கிப் போயிற்று.

பரீட்சையில் தேறிய பிள்ளைகள் அனுபவச் சான்றிதழுக்காக வைத்தியசாலைகளில் சம்பளமின்றி வேலை செய்தார்கள். சில இடங்களில் 'பயிற்சி' என்று சொல்லி அவர்களிடமே காசும் அறவிட்டார்கள். இது என்ன வியாபாரமோ! நமது கடைகளில் வேலை பழக வரும் பையனுக்கும் சாப்பாடும் கைச்செலவும் கொடுக்கிறோமே. ஆங்கிலம் சரளமாகப் பேசியவர்கள் பலர் கோல் சென்டர்களுக்குப் போய்விட்டார்கள்.

2009இல் அரசாங்கம் மாதம் 8,000 பெசோ கொடுத்துப் புதிய தாதியரைக் கிராமங்களுக்கு அனுப்பியது. அதுவும் 6 மாதம்தான். காசு வாங்கும் பயிற்சிகளை நிறுத்துமாறு சுகாதாரத் திணைக்களம் உத்தரவிட 2011 ஆகிவிட்டது.