வெளிநாட்டுப் பயணத்தில் சேலம், நாமக்கல் உணவுகள்

ஜவ்வரிசி வடகம், தட்டுவடை செட், மாம்பழம், முட்டை, பள்ளிபாளையம் சிக்கன் ஆகியவை சேலம், நாமக்கல் சமவெளியின் பெயர்பெற்ற உணவுகள். படிப்புக்கும் வேலைக்கும் சுற்றுலாவுக்கும் வெளிநாடு செல்லும் இவ்வட்டார மக்கள் இவற்றைப் பெட்டியில் எடுத்துச் செல்ல விரும்புவது இயல்பு. ஆனால் ஊரில் எளிதாகக் கிடைப்பதெல்லாம் விமானத்தில் ஏறாது. ஏறினாலும் போய் இறங்கும் நாட்டின் சோதனையைத் தாண்டாது.

ஜவ்வரிசி

பெரும்பாலும் சிக்கலின்றிச் செல்லக்கூடியது ஜவ்வரிசியும் அதில் செய்த வடகமும்தான். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலைப் பிழிந்து, அடியில் படியும் மாவை மணிகளாக உருட்டி, வறுத்து உலர்த்தினால் ஜவ்வரிசி கிடைக்கும். ஈரம் மிகக் குறைவு என்பதால் மாதக்கணக்கில் கெடாது. வெயிலில் காய்ந்த வடகமும் அப்படியே. எண்ணெய் இருந்தால் எந்த ஊரிலும் பொரித்துவிடலாம்.

இந்த உணவே ஒரு வகையில் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. ஜவ்வரிசிக்கு முன்னோடியான சாகோ, தென்கிழக்காசியாவில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்படுவது. இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து வந்த இறக்குமதி நின்றது. 1943-இல் சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் அதைச் செய்யத் தொடங்கினர். குடிசைத் தொழிலாகத் தொடங்கிய இது ஆத்தூர், இராசிபுரம் பக்கமெல்லாம் ஆலைகளாகப் பெருகியது. உற்பத்தியாளர்களுக்கான 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் 1981-இல் உருவானது. சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஆகவே வெளிநாட்டில் ஜவ்வரிசியின் உறவினர்களைச் சந்திப்பது எளிது. 1980-களில் தைவானில் தோன்றி இன்று உலகெங்கும் விற்கும் 'பபிள் டீ'யின் அடியில் கிடக்கும் கறுப்பு உருண்டைகள் மரவள்ளி மாவால் ஆனவை. பிரேசிலில் அதே மாவைச் சூடான கல்லில் தூவித் தோசைபோல் சுட்டு, 'தப்பியோக்கா' என்ற பெயரில் காலை உணவாக உண்கிறார்கள்.

பெட்டியில் வைக்கக் கூடாதவை

மாம்பழ ஆசையே அதிகம் பேரைச் சிக்க வைக்கிறது. மாங்கொட்டை வண்டு கொட்டைக்குள் வாழும். பழத்தை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பயணிகள் கொண்டுவரும் பழங்களை ஏற்பதில்லை. 2007 முதல் இந்திய மாம்பழத்தை அமெரிக்கா அனுமதித்தாலும், அது கதிர்வீச்சுப் பதப்படுத்தலுக்குப் பின் வணிகச் சரக்காகச் செல்லும் பழத்துக்கே பொருந்தும். வீட்டுத் தோட்டத்து மல்கோவாவுக்கு அல்ல.

முட்டைக்குத் தடை பறவைக் காய்ச்சல் அச்சத்தால். ஆனால் நாமக்கல் முட்டை கால்நடை மருத்துவச் சான்றுடன் குளிரூட்டிய கொள்கலனில் ஓமன், கத்தார் போன்ற நாடுகளுக்குச் செல்கிறது. மஸ்கட் கடையில் ஒரு நாமக்கல்காரர் வாங்கும் முட்டை சொந்த மாவட்டத்துப் பண்ணையிலிருந்து வந்ததாகவே இருக்கக்கூடும்.

பலரும் எதிர்பாராதது கொப்பரைத் தேங்காய். பரமத்தி வேலூரில் ஏலம் போகும் சாதாரணப் பொருள்தான். ஆனால் எண்ணெய் மிகுந்த கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத் துறை அதை ஆபத்தான சரக்காக வகைப்படுத்தியுள்ளது. பால்கோவா போன்ற பால் பண்டங்களை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் பயணிகள் கொண்டுசெல்ல முடியாது.

எதை எடுத்துச் சென்றாலும், வருகைப் படிவத்தில் உணவு இருப்பதைக் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டால், மிஞ்சிப்போனால் பொருள் பறிமுதலாகும். மறைத்தால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அபராதம் உண்டு. மாணவர் விசாவில் செல்பவர் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

அங்கேயே செய்துகொள்ளக்கூடியவை

தட்டுவடை செட்டில் வடை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் சென்றால் போதும். இடையில் வைக்கும் பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவலுக்கு எந்த நாட்டிலும் பஞ்சமில்லை. சட்னியை அங்கே அரைப்பதே வழி. 100 மில்லிக்கு மேற்பட்ட சட்னியும் ஊறுகாயும் கைப்பையில் அனுமதிக்கப்படுவதில்லை.

பள்ளிபாளையம் சிக்கனுக்குப் பெட்டியில் இடமே வேண்டாம். கோழி, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, எண்ணெய். மசாலாப் பொடி எதுவும் சேராது. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இவை அனைத்தும் கிடைக்கும். மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் காரம் தாங்காது.