கோசு இலையில் கருப்பழுகல் பரவும் வழி

நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் கோசு பயிரிடும் அங்கத்தினர்கள் கருப்பழுகல் நோயை அறியாதவரல்லர். இலையோரத்தில் ஆப்பு வடிவமாக மஞ்சள் திட்டுத் தோன்றும்; அதன் கூர்முனை நடு நரம்பை நோக்கி நிற்கும். பின்னர் நரம்புகள் கறுக்கும். இதனை உர மிகுதியென்றும் காற்றின் தோஷமென்றும் கூறுவோர் இன்றும் உளர். உண்மைக் காரணம் ஒரு பாக்டீரியாக் கிருமியே. அமெரிக்காவில் பாமெல் என்னும் விஞ்ஞானி 1895-ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்துள்ளார்.

விடியற்காலையில் கோசு இலையின் ஓரங்களில் முத்து முத்தாக நீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது முழுதும் பனியன்று. இலையே தன் ஓரத்து நுண்துளைகளின் வழியாக வெளிவிட்ட நீருமாகும். நோயுற்ற செடியில் அத்துளிகளுக்குள் கிருமிகள் இருக்கும். மழைத்துளி தெறித்தாலும், தெளிப்புப் பாசனம் அடித்தாலும், நனைந்த நம் வேட்டி உராய்ந்தாலும் அவை அடுத்த செடியைச் சேரும். அங்குள்ள துளி மீண்டும் இலைக்குள் வாங்கப்படும்போது கிருமியும் உள்ளே புகும். ஆதலால் ஈரம் உலருமுன் களையெடுக்க இறங்குதல் நோயைப் பாத்திதோறும் நாமே விதைப்பதற்கு ஒப்பாகும்.

தோட்டத்திற்கு நோய் முதலில் வருவது பெரும்பாலும் விதையின் மூலமாகத்தான். 10,000 விதைகளில் 3 விதைகள் தொற்றுடையனவாக இருந்தாலே போதும் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. குளிர்ந்த நாற்றங்காலில் நோய்க்குறி தென்படாமலும் இருக்கலாம். நட்டபின், வெப்பமும் மழையும் சேர்ந்ததும் வெளிப்படும். பொது நாற்றங்கால் வைத்துள்ள சங்கங்கள் இதனைக் கருத வேண்டும்.

நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், நாற்றில் மஞ்சள் திட்டைக் கண்ட அங்கத்தினர் ஒருவர் வாய் திறக்கவில்லை. சொன்னால் பயிர்க்கடன் கிடைக்காதென்று அஞ்சினாராம். அதற்குள் நாற்று எல்லார் நிலத்திற்கும் போய்விட்டது. அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. அந்த அச்சத்தை வளர்த்தது சங்கத்தின் வழக்கமே. நோயைத் தெரிவிப்பவருக்குக் கடன் மறுக்கப்படாது என்று நிர்வாகக் குழு தீர்மானித்துப் பலகையில் எழுதி வைத்தல் நலம்.

விதையை மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து, 50 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் 25 நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரிலிட்டு, நிழலில் உலர்த்த வேண்டும். சூடு கூடினால் முளைப்புக் கெடும். குறைந்தால் கிருமி பிழைக்கும். சாயத் தொட்டியின் சூட்டைக் கணித்துப் பழகிய நெசவாள அங்கத்தினருக்கு இது புதிதன்று. எனினும் கைக்கணக்கை நம்பாமல் சங்கம் ஒரு வெப்பமானி வாங்கி வைக்கலாம்.

அறுவடை முடிந்ததும் அடித்தண்டுகளையும் இலைகளையும் ஆழ உழுது மட்கச் செய்க. நோய் கண்ட நிலத்தில் 2 ஆண்டுகளுக்குக் கோசு, காலிபிளவர், நூல்கோல், முள்ளங்கி வேண்டாம். உருளைக்கிழங்கோ, காரட்டோ, பீன்ஸோ இடலாம். வரப்பிலுள்ள காட்டுக் கடுகையும் களைந்துவிடுக. அதுவும் இந்நோயைத் தாங்கி நிற்கும் இனமே.